கையில் கொடுத்த எள்ளுருண்டை

நீங்கள் கேட்டிருப்பது இது. திருநெல்வேலியிலிருந்து மும்பை முலுண்டுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. பொங்கலன்று எதிர்வீட்டு மராத்தி அம்மா வந்தார். உங்கள் எட்டு மாதக் குழந்தைக்கு வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்புக் கவுன் கொடுத்தார், கழுத்தில் சர்க்கரை மணி மாலை போட்டார், உங்கள் உள்ளங்கையில் ஓர் எள்ளுருண்டையை வைத்து அழுத்திவிட்டுப் போனார். வீடியோ அழைப்பில் இதைப் பார்த்த உங்கள் மாமியார், "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்குக் கறுப்பு, கையிலே எள்ளு! தெரிஞ்சுதான் செஞ்சாங்களா?" என்று கலங்கிவிட்டார். கவுனைத் திருப்பிக் கொடுப்பதா, அவர்கள் மனதில் என்ன இருக்கும், ஒரே பொருள் ஓர் ஊரில் மங்கலமாகவும் இன்னோர் ஊரில் அமங்கலமாகவும் எப்படி ஆகிறது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் பேரப்பிள்ளைக்கு என்ன செய்வாரோ அதையே உங்கள் பிள்ளைக்கும் செய்திருக்கிறார். அதைத் திருப்பினால் அவர் மனம் உடைந்துபோகும்.

நான் சேலத்துக்காரன். 1983-இல் பம்பாய்க்கு வந்தேன். மஸ்ஜித் பந்தரிலும் பிறகு வாஷி மொத்தச் சந்தையிலும் சேலத்து ஜவ்வரிசியை விற்றுக் கொடுப்பதுதான் 35 ஆண்டுகளாக என் தொழில். வீடு மாட்டுங்காவில். மராத்திக்காரர், குஜராத்தி, பார்சி என்று எல்லோர் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இந்த மாதிரிக் குழப்பங்கள் எங்கள் வீட்டிலும் நிறைய வந்தன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நமக்குத் தை முதல் நாள். அவர்களுக்கு அதே நாள் மகர சங்கராந்தி. அன்று மராத்தி வீடுகளில் எள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டையைக் கையில் கொடுத்து, "திளகுள் க்யா, கோட் கோட் போலா" என்பார்கள். எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள்ளுங்கள், இனிக்க இனிக்கப் பேசுங்கள் என்று அர்த்தம். போன ஆண்டில் ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் அன்றோடு தீர்ந்தது. அலுவலகத்தில் மேலதிகாரி கடைநிலை ஊழியருக்குக் கொடுப்பார், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்குக் கொடுப்பார். கையில் கொடுப்பதுதான் அதன் உயிர். நம் வீட்டில் செய்வதுபோல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் அவர்களுக்கு அது விலக்கி வைப்பதுபோல் தோன்றும். கர்நாடகத்திலும் இதே வழக்கம் உண்டு. எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை எல்லாம் கலந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

குழந்தைக்குச் செய்ததற்கும் பெயர் இருக்கிறது. போரன்ஹாண் என்பார்கள். போர் என்றால் இலந்தைப் பழம், ந்ஹாண் என்றால் குளியல். குழந்தைக்கு வரும் முதல் சங்கராந்தியை ஒட்டி, கறுப்பு உடை போட்டு மணையில் உட்காரவைத்து, இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பொரி, மிட்டாய் எல்லாவற்றையும் தலை வழியாகச் சொரிவார்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்குவார்கள். அந்த மாலைக்கும் பெயர் உண்டு, ஹல்வா நகை. அல்வா என்றதும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு இலையில் வழுக்கும் கோதுமை அல்வா நினைவுக்கு வரும், 'அல்வா கொடுத்துவிட்டான்' என்கிற பேச்சும் நினைவுக்கு வரும். இங்கே சங்கராந்தி ஹல்வா என்பது வேறு. எள்ளின் மேல் சர்க்கரைப் பாகைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, முள்ளு முள்ளாகப் பூக்கவைத்த வெள்ளை மணி அது. அதைக் கோத்து மாலை, வளையல், நெற்றிச்சுட்டி என்று செய்து குழந்தைக்கும் புதுப்பெண்ணுக்கும் பூட்டுவார்கள். நாட்கணக்கில் அடுப்படியில் நின்று செய்கிற வேலை. அந்த அம்மா அதைக் கடையில் வாங்கியிருந்தால்கூட, தேடிப் போய்த்தான் வாங்கியிருப்பார்.

இனி எள். உங்கள் மாமியாரின் கலக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எள்ளும் தண்ணீரும் இறைப்பது என்றாலே நமக்குப் பிதுர்க்கடன்தான். அடுத்தபடியாக அது சனி பகவானுக்கு உரியது. உப்பையும் எள்ளையும் கைக்குக் கை வாங்கக் கூடாது என்று என் பாட்டியும் சொல்லித்தான் வளர்த்தார். ஆனால் நம் வீட்டு எள்ளுக்கு அந்த ஒரு முகம்தானா என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எள்ளுப் பூரணக் கொழுக்கட்டை செய்கிறோம். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு எள்ளுச் சாதம் வைக்கிறோம். தீபாவளி விடியலில் தலையில் வைக்கிற நல்லெண்ணெய் எள்ளில் ஆட்டியதுதான். அந்த எண்ணெயில் லட்சுமி இருக்கிறாள் என்று சொல்லித்தான் பெரியவர்கள் நம் தலையில் வைத்தார்கள். இன்னும் ஒன்று. எள் + நெய் = எண்ணெய். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று நாம் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குள் எள் உட்கார்ந்திருக்கிறது. வடக்கேயும் அதே கதைதான். அவர்கள் எண்ணெயைச் சொல்லும் 'தேல்' வந்தது 'தைலம்' என்பதிலிருந்து. தைலம் வந்தது 'திலம்' என்பதிலிருந்து, அதாவது எள்ளிலிருந்து. எண்ணெய்க்கே பெயர் கொடுத்த தானியம் அது.

மராத்திக்காரர்களுக்கு எள்ளின் அந்த இன்னொரு முகம் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். அவர்களும் முன்னோர்களுக்கு எள்ளும் நீரும்தான் விடுகிறார்கள். ஒன்றை அடியோடு கைவிடுவதை மராத்தியில் 'திலாஞ்சலி கொடுப்பது' என்பார்கள். நாம் 'தலைமுழுகிவிட்டேன்' என்கிறோமே, அந்த மாதிரி. ஆக, சாவுக்கு இறைக்கிற எள்ளும் சங்கராந்திக்குக் கொடுக்கிற எள்ளும் அவர்கள் வீட்டில் ஒரே டப்பாவில்தான் இருக்கின்றன. எந்த நாளில், எதோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பார்க்கிறார்கள். தண்ணீரோடு வந்தால் பிதுர்களுக்கு, வெல்லத்தோடு வந்தால் உறவுகளுக்கு. உங்கள் கையில் வந்தது வெல்லத்தோடு.

கறுப்பும் அப்படித்தான். மராத்திக்காரர்களும் மற்ற பண்டிகைகளுக்குக் கறுப்பைத் தவிர்க்கிறவர்கள்தான். சங்கராந்தி ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அன்று புதுப்பெண்ணுக்குச் சந்திரகளா என்று ஒரு கறுப்புப் புடவை எடுப்பார்கள். தாதர் கடைத்தெருவில் சங்கராந்திக்கு முந்தைய வாரம் நடந்து பாருங்கள், வாசலில் தொங்குவது எல்லாம் கறுப்பாக இருக்கும். அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. மார்கழி-தைக் குளிரில் கறுப்பு சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும், எள்ளும் வெல்லமும் உடம்புக்குச் சூடு கொடுக்கும். மும்பையில் குளிர் பேருக்குத்தான். ஆனால் புணே, நாசிக், தக்காணத்து மேட்டு நிலங்களில் ஜனவரி இரவு நன்றாகவே நடுக்கும். வழக்கம் அங்கே பிறந்திருக்க வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் ஒன்றைக் கேளுங்கள். மரியாதையாக, நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேளுங்கள். பிள்ளை பிறந்ததும் கையில் போட்டுவிட்டது என்ன வளையல்? கரு வளையல். இடுப்பில் கட்டியது? கறுப்பு அரைஞாண் கயிறு. கன்னத்தில் வைப்பது? மைப்பொட்டு. நம் குழந்தை உடம்பில் ஏற்கெனவே கறுப்பு இருக்கிறது, கண் படாமல் இருக்கட்டும் என்று நாமே வைத்த கறுப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சில குடும்பங்களில் வளைகாப்புக்கு எடுக்கிற புடவைக்கு 'மசக்கைக் கறுப்பு' என்றே பெயர். சபரிமலைக்கு மாலை போட்டவர் கறுப்பு வேட்டி கட்டினால் வழியில் பார்க்கிறவர் 'சாமி' என்று கும்பிடுகிறார். கறுப்பு நமக்கு அந்நியமான நிறம் கிடையாது, தைப்பொங்கலன்று மட்டும் அதை நாம் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். திருமணமான பெண் கழுத்தில் கறுப்பு மணி இல்லையே என்று என் மனைவியின் மஞ்சள் சரட்டைப் பார்த்து ஒரு மராத்திப் பாட்டி வருத்தப்பட்டதுண்டு. அவர்கள் தாலியே கறுப்பு மணியில் கோத்ததுதான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் கருகமணி கட்டுவதை நாங்கள் அறிவோம் என்று என் மனைவி சொன்னபோது, "அப்படியானால் உங்கள் ஊரிலும் இருக்கிறதே" என்று அந்தப் பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் வீட்டில் வந்த பெரிய குழப்பம் துடைப்பத்தால் வந்தது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் குடிவந்து முதல் தீபாவளி. லட்சுமி பூஜையன்று மாலை பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, புதுத் துடைப்பம் ஒன்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சூடி, என் மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது எங்களுடன் இருந்த என் அம்மா உள்ளே போய்விட்டார். நல்ல நாளில் ஒருத்தர் கையில் துடைப்பத்தைக் கொடுப்பதா? நம் பேச்சில் துடைப்பக்கட்டை என்றால் வசவு. துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா என்று ஒரு பழமொழியே இருக்கிறது. மராத்தி வீட்டில் கேர்சுணி என்று சொல்லும் அந்தத் துடைப்பம்தான் லட்சுமி. தீபாவளிக்குப் புதிதாக வாங்கி, பூஜையில் வைத்து, பிறகுதான் பெருக்கவே எடுப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களும் இங்கே சந்தையில் பூ விற்கிற பெண்களுக்குப் பக்கத்திலேயே துடைப்பக் குவியல் இருக்கும்.

நான்கு நாள் கழித்து அம்மாவே ஒன்று சொன்னார். அந்தியில் விளக்கேற்றிய பிறகு வீட்டைப் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்று எங்களைக் கண்டித்தவர் அவர்தான். துடைப்பத்தைக் காலால் மிதிக்கக் கூடாது, வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்கக் கூடாது என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். "நாம அவளை அனுப்பிடக் கூடாதேன்னு துடைப்பத்துக்குப் பயப்படுறோம், இவங்க அதையே அவளா வச்சுக் கும்பிடறாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. நாம் கெட்ட சகுனம் என்று ஒதுக்குகிற பொருளின் நல்ல பக்கம் நம் வீட்டிலேயே எங்காவது ஒரு மூலையில் இருக்கும். தேடினால் கிடைக்கும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

என் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ஜவ்வரிசி என்றால் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? கல்யாண வீட்டுப் பாயசம், மொட்டை மாடியில் காயும் வடாம், வயிறு சரியில்லாதவருக்குக் கஞ்சி. எனக்கும் அதுதான். இங்கே வந்து பார்த்தால், ஜவ்வரிசி பக்தியின் உணவு. ஆஷாட ஏகாதசி, சிராவண மாதத்துத் திங்கட்கிழமைகள், நவராத்திரி, சிவராத்திரி, மாதாமாதம் சங்கடஹர சதுர்த்தி என்று எந்த உபவாசம் வந்தாலும் சாபுதாணா (ஜவ்வரிசிக்கு இங்கே அதுதான் பெயர்) கிச்சடி, சாபுதாணா வடை. பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாங்கள் சரக்கு கேட்போம். சிராவணம் பிறப்பதற்கு முன்பே சேலத்திலிருந்து லாரி கிளம்பியாக வேண்டும். 90 கிலோ மூட்டைகள். கிச்சடிக்கு ஒரு ரகம், பொரித்துச் சிவடா என்கிற அவல் மிக்ஸரில் போட நைலான் ஜவ்வரிசி என்று தனி ரகம்.

அந்தச் சரக்கு எங்கே விளைகிறது என்று பாருங்கள். சேலம், நாமக்கல் பக்கம் நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம், மரவள்ளி. அது தென்னமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். அந்தக் காலத்து ஜவ்வரிசி இந்தக் கிழங்கில் செய்ததுகூட இல்லை. மலேயாப் பக்கத்தில் ஒரு பனை மரத்தண்டின் உள்ளே இருக்கும் மாவுச் சோற்றில் செய்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றுபோக, 1940-களில் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு உருட்டிப் பார்த்தார்கள், வந்துவிட்டது. பிறகு ஊரெல்லாம் சேகோ ஆலைகள், அதாவது ஜவ்வரிசி ஆலைகள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பண்டரிபுரத்து விட்டலனை நினைத்து உபவாசம் இருக்கிற ஒரு கிழவி, மாலையில் வாயில் வைக்கிற முதல் கவளம் தென்னமெரிக்காவில் தொடங்கி, எங்கள் ஆத்தூர் வெயிலில் காய்ந்து வந்த கவளம்.

அந்தக் கிச்சடியில் சேரும் மற்றவற்றைப் பாருங்கள். வேர்க்கடலை, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. உருளைக்கிழங்கை மராத்தியில் பட்டாடா என்பார்கள், அதுவே போர்த்துக்கீசியச் சொல். உபவாசத்துக்கு ஆகாத சாதாரண அரிசி நம் மண்ணின் பழைய தானியம். உபவாசத்துக்கு ஆகிற இந்தக் கிச்சடிச் சாமான்கள் கடல் தாண்டி வந்தவை. நம் பக்கம் பிராமண வீட்டுத் திவசச் சமையலை இதோடு வைத்துப் பாருங்கள், அப்படியே தலைகீழ். மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, கோசு எல்லாம் இங்கிலீஷ் காய்கறி என்று வெளியே. வாழைக்காய், பாகற்காய், பிரண்டை, கறிவேப்பிலை உள்ளே.

இது எனக்குப் பல ஆண்டுகள் புதிராக இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். விரதம் என்பது தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல். தானியம் கூடாது என்று எழுதிவைத்தார்கள், பிறகு வந்த கிழங்கின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் உள்ளே வந்துவிட்டது. திவசம் என்பது சேர்க்க வேண்டியவற்றின் பட்டியல். தாத்தாவின் தாத்தா சாப்பிட்டதைத்தான் அவருக்குப் படைக்க முடியும், அவருக்குத் தெரியாத காயை எப்படி வைப்பது? இரண்டு வீட்டிலும் பக்தி ஒன்றுதான், பட்டியல் போட்ட விதம் வேறு. பலகாரம் என்று நாம் சொல்கிற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான். பழ உணவு என்று பொருள்படும் பலாஹாரம், விரதச் சாப்பாடு. அமாவாசை இரவில் 'இன்றைக்குப் பலகாரம்தான்' என்று இட்லியோ உப்புமாவோ சாப்பிடுகிறோமே, அந்தப் பழைய பொருள் அதில் இன்னும் இருக்கிறது. அது மெல்ல மெல்ல தீபாவளி முறுக்கு, அதிரசம் வரை வந்துவிட்டது. மராத்தியில் அதே சொல் பராள் என்று ஆகி, அதே வழியில் நடந்து, அங்கேயும் உபவாச உணவு, தீபாவளித் தின்பண்டம் இரண்டுக்கும் பெயராக நிற்கிறது. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அவலையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதனால் ஒரு கல்யாணப் பேச்சே நின்றுபோகப் பார்த்தது. நண்பர் வீட்டுப் பையனும் ஒரு மராத்திப் பெண்ணும் விரும்பினார்கள். பெரியவர்கள் சேர்ந்து பெண் வீட்டுக்குப் போனோம். தட்டில் வந்தது வெங்காயம் போட்ட அவல் உப்புமா. பையனின் அம்மா முகம் வாடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு சொஜ்ஜி, ஒரு பஜ்ஜி இல்லையா, காலைச் சிற்றுண்டியில் மீந்ததைக் கொடுத்தார்களா என்று திரும்பி வரும்போது காரில் ஒரே வேதனை. மராத்தியில் பெண் பார்க்கும் சடங்குக்கே 'காந்தே போஹே' என்றுதான் பெயர், வெங்காய அவல் என்று அர்த்தம். நமக்கு எப்படி சொஜ்ஜி பஜ்ஜியோ அப்படி. அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, முறைப்படி செய்திருக்கிறார்கள். நான் எடுத்துச் சொன்ன பிறகு அந்த அம்மாவே, "குசேலன் கொண்டுபோனதும் அவல்தானே" என்றார். அடுத்த மாதம் அவர்கள் இங்கே வந்தபோது நாங்கள் கேசரியோடு அவலும் வைத்தோம்.

வெண்பொங்கலுக்கும் இதே கதி. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்தால் நமக்கு மார்கழிக் கோயில் பிரசாதம், குஜராத்தி வீட்டில் காய்ச்சல்காரருக்குக் கிச்சடி. மாட்டுங்காவில் ஒரு மார்கழிக் காலையில் என் கையில் பொங்கல் தொன்னையைப் பார்த்த குஜராத்தி நண்பர் உடனே கேட்டது, "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?"

எல்லாப் பொருளுக்கும் காரணம் பருவமோ பக்தியோ என்று சொல்லிவிட முடியாது. சிலவற்றின் மேல் அரசியல் ஏறியிருக்கிறது. லுங்கி அப்படி. நமக்குக் கைலி என்பது வீட்டில் கட்டுவது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டி. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் தமிழர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த முழக்கம் 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்பது. மகுடியை ஊது, லுங்கியை விரட்டு. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோரும் அந்த ஒரு துணிக்குள் சுருட்டப்பட்டார்கள். நான் வந்தபோதும் மூத்தவர்கள் பால் வாங்கப் போகக்கூடக் கைலியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். பயம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கும்.

அதே கட்டம் போட்ட துணி கடல் தாண்டிப் போன இடங்களில் வேறு மாதிரி வாழ்ந்தது. நைஜீரியாவில் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்பார்கள். பிறப்புச் சடங்குக்கும் இறப்புச் சடங்குக்கும் அது வேண்டும். சில இழைகளை மட்டும் கத்தியால் நறுக்கி எடுத்து அதில் புதுக் கோலம் கொண்டுவருவது அவர்கள் குடும்பப் பெருமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1960-களில் பெரிய பல்கலைக்கழகத்து மாணவர்கள் கோடையில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை அணிவதை மிடுக்காக நினைத்தார்கள். துவைத்தால் சாயம் போவதையே அதன் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். நம் தறியிலிருந்து இறங்கிய ஒரே துணியை ஓரிடத்தில் இகழ்ந்தார்கள், ஓரிடத்தில் பிறப்பு, இறப்புச் சடங்குகளுக்கு வைத்துக்கொண்டார்கள், ஓரிடத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் உடுத்தினார்கள். என் மகன் இப்போது தைரியமாகக் கைலியோடு கீழே இறங்கிப் பால் வாங்குகிறான். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

மாட்டுங்காவை ஒட்டியே தாதர் பார்சி காலனி இருப்பதால் இன்னும் இரண்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்சிப் பெண் கல்யாணத்துக்கு உடுத்துவது வெள்ளைப் புடவை. கல்யாண மாப்பிள்ளை, பெண் தலையைச் சுற்றி முட்டை உடைப்பார்கள். தெருமுனையில் உடைந்த முட்டையைப் பார்த்தால் நாம் செய்வினை என்று சுற்றிப் போவோம், அவர்களுக்கு அது திருஷ்டி கழிக்கிற மங்கலம். நாம் பூசணிக்காயையும் தேங்காயையும் சுற்றி உடைக்கிறோம், அவர்கள் முட்டையை. வாசலில் அவர்களும் கோலம் போடுவார்கள். துளையிட்ட தகர டப்பாவில் சுண்ணப்பொடி வைத்து அச்சுப் போல் தட்டுவார்கள், அதில் மீன் வடிவம் இருக்கும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மராத்திப் பெண்கள் சங்கராந்தியிலிருந்து ரத சப்தமி வரை ஒருவரையொருவர் ஹல்தி குங்குவுக்கு அழைப்பார்கள், நம் நவராத்திரி மஞ்சள் குங்குமம் போல. அந்த அம்மா உங்களைக் கட்டாயம் அழைப்பார். போய்வாருங்கள். ஒரு கிண்ணமோ டப்பாவோ கொடுப்பார்கள், வாண் என்று பெயர். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்கு அந்தக் கறுப்புக் கவுனைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள், கையில் கரு வளையலும் இருக்கட்டும். அது எதற்கு என்று அவர் கேட்பார், சொல்லுங்கள். வெறும் கையோடு போக வேண்டாம். ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டுபோங்கள், நெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் 'கோட் பாத்' என்பார், இனிப்புச் சாதம் என்று அர்த்தம். அவரை உங்கள் வீட்டுக்கு அழைக்கும்போது உங்கள் மாமியாரையும் வீடியோவில் கூப்பிட்டு ஒருமுறை பேசவையுங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. பிள்ளை இடுப்பிலிருக்கும் கறுப்புக் கயிற்றை அவர் தொட்டுக் காட்டினால் போதும், உங்கள் மாமியாருக்கே புரிந்துவிடும்.